இன்னொருவர் இணைப்பில் இருக்கிறார்

விஜயராணி அந்தப் பழைய சாயப் பட்டறைக்குள் நுழைந்தபோது பிற்பகல்தான். ஆனாலும் மழை மூட்டத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஆசிட் நெடியும் ஊறிய பருத்தியின் வாடையும் மூக்கில் ஏறின. வெகுநாள் பூட்டிக் கிடந்த பட்டறையை அஃப்சல் இப்போதுதான் வாடகைக்கு எடுத்திருந்தார். விஜயராணியின் கணவன் முனீஸ் அங்கே துணிக்குச் சாயமேற்றும் மிஷின் ஓட்டுகிறான். அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள் என்று முதலாளியிடம் சொல்லி வரவழைத்தவனும் அவன்தான்.

அஃப்சலிடம் இருந்தது, ஆண்ட்ராய்டு இல்லாத லினக்ஸ் போன். பழைய போனில் வைரஸ் புகுந்து சாயக் கலவை ரகசியமெல்லாம் வெளியே போனதிலிருந்து இதைத்தான் நம்புகிறார். காதர்பேட்டையிலுள்ள தன் கடையில் உட்கார்ந்தபடியே, மிஷினை இயக்குகிற பட்டறைக் கம்ப்யூட்டரை இதில் பார்த்து ஓட்ட வேண்டுமாம். அந்தக் கம்ப்யூட்டரின் மானிட்டரோ செத்துக் கிடந்தது.

"கறுப்பாவே நிக்குதுங்க, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது," என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்த்தாள். ரிமோட் செயலி இணைந்தது, படம்தான் வரவில்லை. திரை அமைப்பை மாற்றிவிட்டு மறுபடி திறந்தாள். படம் வந்தது. ஆனால் விரல் வைத்த இடம் ஒன்று, அம்புக்குறி போகிற இடம் வேறு. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வெளியிலிருந்து முனீஸ் குரல் கொடுத்தான். மிஷினுக்குள் துணி முடிச்சு விழுந்து ஓட்டம் பாதியில் நின்றுவிட்டதாம். கை விட்டு எடுக்க வேண்டும், மெயினை அணைக்கட்டுமா என்றான்.

"அணைச்சிராதீங்க. கம்ப்யூட்டரும் போயிரும், முதல்ல இருந்து வரணும்."

"புருசன விட அந்தப் பொட்டிதான் ஒசத்தி போல," என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தான்.

மூடி திறந்திருந்தால் மிஷின் ஓடக் கூடாது. அதற்கென்று மூடியடியில் ஒரு சுவிட்ச் உண்டு. வேலை தடைபடுகிறதென்று அதைப் பனியன் வேஸ்ட் துணியால் அழுத்திக் கட்டிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. இங்கேயும் கட்டியிருந்தது.

முனீஸ் தோள் வரை உள்ளே கவிழ்ந்தான்.

போனில் அம்பு நகர்ந்தது.

அவள் விரல் திரையில் இல்லை.

'இன்னொருவர் இணைப்பில் இருக்கிறார்' என்றது மேலே ஒரு வரி. யாரென்று தேடினாள். அந்த இணைப்பு வெளியிலிருந்து வரவில்லை. அதே கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அறையின் மூலையில் அதன் கீபோர்டின் முன்னால் காலி நாற்காலி. அதன் மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு கட்டம் முளைத்தது. பாதியில் நின்ற ஓட்டம் தானாகவே தொடரும் என்று கொட்டை எழுத்தில் சொன்னது. அம்பு பாய்ந்து வந்து கட்டத்தின் அடியில் எதையோ அழுத்தியது. கட்டம் மறைந்தது, மறுபடி முளைத்தது. மறுபடி அழுத்தல். வெறி பிடித்த அழுத்தல்.

யாரோ மிஷினை ஓட்டப் பார்க்கிறார்கள். உள்ளே அவள் புருஷன் இருக்கிறான்.

'அந்த இணைப்பைத் துண்டி' என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை விழப்போகும் நேரத்தில், காதோரம் ஈரமாக ஒரு குரல்.

"வேண்டாந் தாயி."

துண்டித்துவிட்டாள்.

அம்பு அசையாமல் நின்றது. கட்டம் மட்டும் திரும்ப முளைத்தது. இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கி, அடியிலிருந்த பொத்தானைப் படித்தாள். இருந்தது ஒரே பொத்தான்.

நிறுத்து.

அதன்மேல் விரலை வைத்தாள். அம்பு வேறெங்கோ போய் நின்றது.

மிஷின் உறுமியது.

ஈரத் துணி கயிறாக முறுக்கி முனீஸின் வலது கையைச் சுற்றி இழுத்தது. முகம் இரும்பு விளிம்பில் மோதியது. மறுபடி மோதியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அவள் ஓடிப்போய் மெயினை இழுத்தாள். அப்போதும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றித்தான் அடங்கியது. தோள் பிய்ந்து முனீஸ் பின்னால் விழுந்தான். கை உள்ளேயே போய்விட்டது. மிஷினிலிருந்து தொங்கிய வெள்ளைத் துணி சிவந்துகொண்டே வந்தது.

ஆம்புலன்சுக்குப் பின்னால் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது அஃப்சல் சொன்னார். "முன்னால பட்டறை நடத்தினவங்க சொன்னாங்கம்மா, நான்தான் காதுல போட்டுக்கல. ராக்கையான்னு ஒருத்தர். அதே மிஷின்ல ரெண்டு கையும் போயி, அங்கயே... நிறுத்தறதுக்கு ஆளில்லைங்க அன்னிக்கு."

முனீஸ் பிழைத்தான். ராக்கையாவைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறக்கவில்லை. வார்டில் கண் விழித்தவனுக்கு விஜயராணி கஞ்சி ஊட்டினாள். கொஞ்சம் குடித்தவன், போதும் என்று தலையைத் திருப்பிக் கட்டிலின் மறுபக்கம் பார்த்தான். அங்கே வெறும் சுவர்தான்.

"ராணி, அவருக்கும் ஒரு வாய் குடு," என்று முனகினான். "பாவம், ரெண்டு கையும் இல்ல."

அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியை மட்டும் நீட்டினாள்.

கரண்டி மெல்லக் கீழே அழுந்தியது.

திரும்ப எடுத்தபோது அதில் கஞ்சி இல்லை.