சோபாவில் ஒரு மஞ்சள் கை

அந்த வீட்டுக்கு நானும் அக்காவும் காலை பதினொரு மணிக்குப் போனோம். சோபா, கம்பளம் சுத்தம் செய்வதுதான் எங்கள் தொழில். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததுமே லில்லிப் பூ வாசனை முகத்தில் அறைந்தது. ஆனால் கூடத்தில் ஒரு பூகூடக் கண்ணில் படவில்லை.

"என் தம்பி பொண்டாட்டி பூச்சாடியத் தட்டி விட்டுட்டா. ஏன்னு கேட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சாயங்காலம் தம்பி ஊர்லேர்ந்து வர்றான். அதுக்குள்ள இது போயிடணும்."

வெளிர்நிற சோபாவின் நடுவில் மஞ்சள் தூள் அப்பிக் கிடந்தது. அந்தம்மா ஈரத்துணியோடு குனிந்தாள். அக்கா பதறிப்போய்த் தடுத்தாள்.

"ஐயோ, தண்ணி காட்டாதீங்கம்மா! மகரந்தத்துல ஈரம் பட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது. தேய்க்கவும் கூடாது."

டேப்பைக் கிழித்து, ஒட்டும் பக்கத்தால் மெல்ல ஒத்தி ஒத்தி எடுத்தாள். துணி பளிச்சென்று ஆனது. கம்பளத்தில் சிந்தியிருந்ததை நான் மெஷினால் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தேன்.

சோபாவில் மறுபடி மஞ்சள்.

"என்னடி, எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" சிரித்துக்கொண்டே அக்கா மறுபடி ஒத்தினாள்.

மறுபடி வந்தது. இந்தத் தடவை மஞ்சளில் ஐந்து விரல்களின் அச்சும் தெரிந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"மேல கொட்டினது இல்லடி இது," என்று கிசுகிசுத்தாள். "உள்ளேர்ந்து வருது."

அடியில் பெட்டி வைத்த சோபா அது. அக்கா இருக்கையைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு பெண் மடங்கிக் கிடந்தாள். பிண நாற்றத்தை மறைக்கச் சுற்றிலும் லில்லிப் பூக்கள் திணிக்கப்பட்டிருந்தன. பலகையைப் பிறாண்டிப் பிறாண்டி அவள் நகங்கள் பிய்ந்திருந்தன.

மெஷினின் இரும்புக் குழாய் அக்காவின் மண்டையில் இறங்கியது.

"வந்த வேலையப் பார்த்துட்டுப் போயிருக்கலாம்ல?" வீட்டுக்காரம்மா மூச்சிரைத்தாள். இரண்டாவது அடியில் அக்காவின் காது கிழிந்து தொங்கியது. குழாய் மூன்றாவது முறை உயர்ந்தது.

இறங்கவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து மஞ்சள் அப்பிய கை ஒன்று அவள் கொண்டையைப் பிடித்திருந்தது. ஒரே இழுப்பு. முகம் மரச்சட்டத்தில் மோதிப் பற்கள் தெறித்தன.

"விடுடி... ஏய்... விட்டுரும்மா..."

இடுப்புவரை உள்ளே போனாள். இருக்கை அவள் முதுகில் விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் நிற்கிறவரை நான் அசையவே இல்லை.

அவள் கழுத்திலிருந்து பிணத்தின் விரல்களை உடைத்துத்தான் போலீஸ் பிரித்தெடுத்தது. தம்பி மனைவி செத்து மூன்று நாள் ஆகிறது என்றார் டாக்டர்.

அக்கா பிழைத்தாள். தலையில் பதினேழு தையல்.

மறுநாள் மதியம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பில், அவள் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் மஞ்சள் தூள். என் சட்டையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அங்கிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து அதன்மேல் ஒட்டினேன்.

விரிப்புக்கு அடியிலிருந்து ஐந்து விரல்கள் அதைத் திருப்பி அழுத்தின.