வலப்பக்கத்து டிஸ்க்

அன்றைக்கு மழை பெய்ததா, செங்கம் ரோட்டில் கிரிவலம் போனவர்களின் வெறுங்கால் சத்தத்தைத்தான் மழையென்று நினைத்துக்கொண்டானா என்று முருகவேலுக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆர்த்தி அவனுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பொழுது சாய்கிற நேரம். இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட பெரிய லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள்.

“கோர்ஸுக்கு வேணும்ண்ணா. காலி டிஸ்க்குல லினக்ஸ் போட்டுக் குடுங்க. வலப்பக்கத்து டிஸ்க்க மட்டும் தொட்டுடாதீங்க. அதுல என் தம்பி குரல் இருக்குது.”

“காப்பி எடுத்து வெச்சிருக்கலாமேம்மா?”

“தம்பிக்கு எதுக்குண்ணா காப்பி?”

சிரித்தபடியே ஒலிக்கவிட்டாள். கீழ்பென்னாத்தூருக்கு பைக்கில் கிளம்புமுன் தம்பி அன்பரசன் விளையாட்டாகப் பேசிப் பதிந்தது.

“அக்கா, போயிட்டு வரேன்.”

போனவன் வரவில்லை.

அவள் போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று, முருகவேல் லேப்டாப்பைக் கவிழ்த்து வலப்பக்கத்து டிஸ்க்கைக் கழற்றி மேசை டிராயரில் பத்திரப்படுத்தினான். மிஞ்சியதை முழுவதும் அழித்து லினக்ஸ் ஏற்றக் கட்டளையிட்டான். உள்ளே விசிறி சுழன்றது. கடைக்குள் மெல்ல மெல்ல ஈரமண் வாசனையும், அதற்கடியில் சிந்திய பெட்ரோலின் நெடியும், அதற்கும் அடியில் பெயர் தெரியாத இன்னொரு வாடையும் எழுந்து வந்தன. ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கினார்கள். வெகுதூரம் நடந்து வந்த மூச்சு.

சந்தேகம் வந்து, டிராயரில் இருந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தான்.

காலி.

கவிழ்த்தால் வலம் இடமாகும். அழிந்தது தம்பி.

“வந்துட்டேன்.”

அதே குரல். அவள் போட்டுக் காட்டியதில் இந்த வார்த்தை இல்லை.

ஒயரைப் பிடுங்கினான். பேட்டரியை எடுத்தான். உள்ளிருந்த டிஸ்க்கையும் உருவினான். திரை இருண்டது.

“அக்கா எங்க?”

மறுநாள் ஆர்த்தி வந்ததும் “தப்பு நடந்துடுச்சும்மா...” என்று தொடங்கினான். மேசையில் உயிரற்றுக் கிடந்த லேப்டாப் குறுக்கிட்டது.

“அக்கா, வந்துட்டேன்.”

அவள் முகம் மலர்ந்தது. “வரேன்னுதானே சொல்லிட்டுப் போனான்.” டிஸ்க்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“போயிட்டு வரேண்ணா.”

சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுபடியும் கேட்டது, ஆண்குரலில்.

“போயிட்டு வரேண்ணா.”

சில நாள் கழித்து வேங்கிக்காலில் ஆர்த்தியின் வீட்டுக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். லேப்டாப்பின் முன் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். அவள் தட்டில் சோறு காய்ந்திருந்தது. எதிரே இருந்த தட்டு வழித்துச் சாப்பிடப்பட்டிருந்தது. முருகவேல் தொழிலை விட்டுவிட்டு, மூடிய கடைக்குள்ளேயே குடியிருக்கிறான். யாரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. பௌர்ணமிதோறும் ரோட்டில் ஆயிரம் காலடிகள் நிற்காமல் போகின்றன. இரண்டு பேருடைய காலடிகள் மட்டும் அவன் கதவருகே வந்து நிற்கின்றன.