தாலாட்டுக்கு ஒரு விளக்கக் குறிப்பு

தாலாட்டின் கீழிருந்த அட்டையில் அவள் எழுதாத வரிகள் இருந்தன.

என்றைக்கோ வரப்போகிறவர்கள் தோண்டியெடுத்துப் பார்க்கட்டும் என்று, மலையடியில் குடைந்த நிலவறையில் ஓவியங்களையும் ஏடுகளையும் வைத்து மூடப்போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விளக்க அட்டை எழுதுவது அவள் வேலை. அந்தத் தாலாட்டை எழுதியது அவள் கணவன். காய்ச்சலில் போன மகளுக்காக. நேற்று அட்டையில் அதைத்தான் எழுதியிருந்தாள். இன்று வேறு இருந்தது: "பலிப் பாட்டு. பிள்ளைக்கு மருந்து கொடுத்து உறங்கவைத்தபின் பாடியது. தாய் உடனிருந்தாள்."

அவள் மருந்து கொடுத்தது உண்மை. விடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே தூங்கிப்போனதும் உண்மை. வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

சுவரில் இருந்த தொலைபேசியில் கணவனைக் கூப்பிட்டாள். பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது.

"பாட்டுக்குக் கீழ என்னென்னமோ எழுதியிருக்கு. நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

படித்துக் காட்டினாள். 

"தப்பா ஒண்ணும் எழுதலையே," என்றான். வைத்துவிட்டான்.

வாசலிலிருந்து காவலரின் குரல் வந்தது. "அக்கா, மூணு மணிக்கு அடைக்கணும். அடைச்சா அப்புறம் என் கொள்ளுப்பேரன் வந்தாலும் திறக்க முடியாது!"

"அஞ்சே நிமிஷம், தம்பி."

அட்டையைப் பிய்க்கப் போனாள். தொட்டதும் அது சாம்பல்போல விரலில் பொடிந்து, ஈரமண்ணும் மக்கிய காகிதமும் கலந்த வாடை மூக்கில் ஏற, சுவருக்கு அந்தப் பக்கம், பாறையைத் தவிர வேறெதுவும் இருக்க வழியில்லாத இடத்தில், பல கால்கள் அவசரமில்லாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்து வரும் ஓசை மெல்லக் கேட்டது. பக்கத்தில் ஒரு ஓவியம்: மகளுக்குத் தலை வாரும் தாய். அதன் அட்டையைப் பார்த்தாள். "கழுத்தை அறுக்குமுன் கூந்தலை ஒதுக்குகிறாள்."

"தம்பி!"



வாசலுக்கு ஓடினாள். காலையில் எண்ணெய் மினுமினுத்த இரும்புக் கதவு துருவேறி, பாறையோடு பாறையாக இறுகிக் கிடந்தது. தள்ளினாள். கையெல்லாம் செந்தூள்.

விளக்கு அணைந்தது.

காலடி ஓசை நின்றது.

எதிர்ச்சுவரில் வெளிச்சம். சுவர் இல்லை. கண்ணாடி.

அதற்கப்பால் பிள்ளைகள். வரிசையாக. அவள் மகளின் வயதுதான் இருக்கும். பெரியவர் ஒருவர் கையிலிருந்த விளக்க அட்டையைப் பார்த்து, அவளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் புரியவில்லை.

இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள்.

"திறங்க! நான் உயிரோட இருக்கேன்! திறங்க!"

பெரியவர் திருப்தியோடு தலையசைத்தார். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கைகளைத் தூக்கினார்கள். அவள் அறைந்த அதே வேகத்தில் காற்றை அறைந்தார்கள். அவளைப் போலவே வாயை அகலத் திறந்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமிக்குத் தாளம் தப்பியது. பெரியவர் குனிந்து அவள் கையைப் பிடித்துத் திருத்தினார். பிறகு கண்ணாடிக்கு உள்ளே பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி சைகை காட்டினார்.