அவர் எழுதாத அத்தியாயம்

தன் நாவலைப் பாராட்டி வந்த கடிதத்தைத் திருட்டுப் புகார் மாதிரி நான்காக மடித்துக்கொண்டு ஒருவர் துப்பறிகிறவரிடம் ஓடி வருவது தினம் நடக்கிற காரியமல்ல. நாவலாசிரியர் அப்படித்தான் வந்தார். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி அரை அடி பின்னால் போயிற்று.

எதிரே இருந்தவரைத் தெருவே 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்து, சாட்சிகள் சொன்னதையும் விழுங்கியதையும் எழுதி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். துப்பறியும் வேலை வந்துவிட்டால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். அந்தத் தெருவில் அவர் சந்தேகப்படாத ஆள் அவருடைய அக்கா ஒருத்திதான். அதுவும் பயத்தினால்.

விஷயம் இதுதான். நாவலாசிரியரின் புது நாவல் வெளிவந்து மூன்று வாரம். வருகிற கடிதமெல்லாம் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. அவருக்கோ அப்படி ஒன்றை எழுதிய ஞாபகம் இல்லை. எடுத்துப் பார்த்தால், ஞாபகம் இல்லாததற்குக் காரணம் மிகச் சுலபம்: அவர் அதை எழுதவே இல்லை.

"எவனோ என் பேர்ல எழுதியிருக்கான்," என்றார். "அதுவும் இதுவரைக்கும் நான் எழுதினதுலயே அதுதான் ஒசத்தின்னு எல்லாரும் சொல்றாங்க. அவன் யாருன்னு தெரியணும். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

யார் என்றும் அவரே முடிவு செய்திருந்தார். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். போன நாவலில் ஒரு குடிகாரனுக்கு அந்த மனிதரின் நடையையும் மூக்கு மச்சத்தையும் அப்படியே கொடுத்திருந்தாராம், அந்த வன்மமாம். ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம். 'பத்தொன்பதாம் அத்தியாயம் பிறந்த கதை' என்ற தலைப்பில் பேச ஒப்புக்கொண்டாயிற்று. அதற்குள் மெய்ப்புக்காரரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டார். கடிதமும் தயாராம்.

அச்சுக்குப் போகுமுன் நீங்கள் ஒருமுறை படிக்கவில்லையா என்று நிதானம் கேட்டார். நாவலாசிரியர் தன் எழுத்துமுறையைக் கொஞ்சம் பெருமையாகவே விவரித்தார். எழுதியதைத் திரும்பப் படிப்பதில்லை. படித்தால் அடுத்தது வராது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தட்டச்சு இயந்திரத்தில் நேரடியாக அடிப்பார். முடிந்த தாளைக் கவிழ்த்து வைப்பார். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை நடை. நாவல் முடிந்ததும் மனைவி பென்சிலால் அத்தியாய எண்ணும் பக்க எண்ணும் போட்டு, நூலால் கட்டி, பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவாள். அதோடு சரி.

கதையெல்லாம் எங்கிருந்து சார் கிடைக்கிறது என்று மைத்துனர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தானாக வரும் என்று நாவலாசிரியர் கூரையைப் பார்த்தார். மைத்துனரும் கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் நிதானம் அந்த அத்தியாயத்தை மூன்று முறை படித்தார். ஓர் எழுத்தாளன் தன் வாயாலேயே சொல்வதுபோல எழுதப்பட்டிருந்தது. அவனுடைய அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஒருத்தி, கல்யாணத்துக்கு முன் பெற்று ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வந்த குழந்தையைப் பற்றி மற்றவளிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். குழந்தையைச் சுற்றிக் கொடுத்த பச்சைத் துண்டின் மறுபாதி இன்னும் பெட்டியில் இருக்கிறது என்கிறாள். எழுத்தாளன் கதவில் காதை வைத்துக் கேட்கிறான். பிறகு அதையே நாவலாக்கிப் பேர் வாங்குகிறான். அவள் புருஷன் நாவலைப் படிக்கிறான், பெட்டியைத் திறக்கிறான். நிதானம் ஒரு வரியின் கீழ் மட்டும் கோடு போட்டார்: 'இயந்திரத்தின் சத்தம் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது, அடுப்பு எரியும் சத்தம்கூடக் கேட்டது.'

மறுநாள் பதிப்பகம். மெய்ப்புக்காரர் ஜன்னலோர மேஜையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில், சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்தார். ஐம்பத்தாறு வயது. இந்த வேலை போனால் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மூலப் பிரதியை எடுத்து வைத்தார். பத்தொன்பதாம் அத்தியாயமும் மற்றவற்றைப் போலவே தட்டச்சில். எல்லாத் தாளிலும் 'ழ' மட்டும் வரியைவிட்டுச் சற்று மேலே ஏறி நின்றது. பக்க எண்கள் பென்சிலில், இருநூற்று நாற்பது, நாற்பத்தொன்று என்று ஓர் இடத்திலும் அழிக்காமல், திருத்தாமல் ஓடின.

"அவர் மேல எனக்குக் கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றார் மெய்ப்புக்காரர். "ஆனா பழி வாங்கணும்னா எனக்கு ஒரு வரியை விட்டுட்டாப் போதும். இந்த மாதிரி எழுத எனக்கு வராது. வந்திருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

வெளியே வந்ததும் மைத்துனர், இவன்தான், முகமே சொல்கிறது என்றார். முகத்தை விடு, பக்க எண்ணைப் பார் என்றார் நிதானம்.

அங்கிருந்து நாவலாசிரியர் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய அறையில் ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், சமையலறைக்குப் போகும் மூடிய கதவு. நிதானம் ஒரு வரி அடித்துப் பார்த்தார். 'ழ' மேலே ஏறி நின்றது. நாவலாசிரியரின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். அதிகம் பேசாத பெண்மணி. கழுத்தில் கயிற்றில் கண்ணாடி தொங்கியது. வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதுண்டா என்று கேட்டதற்கு, தங்கை வந்துகொண்டிருந்தாள், பதினோரு வருடமாக வாசல்படி ஏறவில்லை என்றார். பதினோரு வருடத்துக்கு முன் சார் என்ன எழுதினார் என்று கேட்டார் நிதானம்.

"அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாவல்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் மைத்துனர் பெருமையடித்துக்கொண்டார். அந்தக் கண்ணாடி அவர் கடையில் செய்ததாம்.

"ஏழு மாசம் முன்னாடி வந்தாங்க அத்தான். புத்தகம் படிக்கவான்னு கேட்டேன். இல்லை, ஒரு முழம் தள்ளி நிமிர்ந்து நிக்கற எழுத்து தெரியணும்னாங்க. என்னென்ன தினுசா வாடிக்கைக்காரங்க வராங்க பாருங்க."

நிதானம் நடையை நிறுத்தி, மைத்துனரை அன்போடு பார்த்தார். "மாப்ளே, வழக்கை நீதான் முடிச்சு வெச்சிருக்க," என்றார். எப்படி என்று மைத்துனருக்கு விளங்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை நாவலாசிரியரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். பதிப்பாளர் சட்டைப்பையில் வேலை நீக்கக் கடிதத்தோடு வந்திருந்தார். மெய்ப்புக்காரர் உட்காரவில்லை. மனைவி கதவருகே நின்றார். இதைத் தனியாகப் பேசுவது நல்லது என்று நிதானம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும் என்று நாவலாசிரியர் ஒற்றைக்காலில் நின்றார்.

"சரி. பக்க எண்ல ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அப்போ எண் போடறதுக்கு முன்னாடியே அத்தியாயம் கட்டுல இருந்திருக்கு. 'ழ' இந்த மிஷினோடது. ஆக, பதிப்பகத்துல யாரும் சேர்க்கலை, இந்த வீட்டுலதான் அடிச்சிருக்காங்க. சார் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வெளியில போறார். அந்த நேரத்துல மிஷின்ல நிக்கற தாளைப் படிக்கறதுக்குன்னே ஒருத்தங்க அளவு சொல்லிக் கண்ணாடி செஞ்சிருக்காங்க."

மைத்துனருக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளுக்குள் விளங்கியதை முகத்தில் காட்டாமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

"இதெல்லாம் இல்லாட்டியும் ஒரு வரி போதும்," என்று நிதானம் தொடர்ந்தார். "முப்பது வருஷம் வாக்குமூலம் எழுதினவன் நான். சாட்சி எங்க நின்னு பார்த்தான்னு அவன் பேச்சே காட்டிக் கொடுத்துடும். கதையில வர்ற ஆள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒட்டுக் கேக்கறான். அவன் காது முழுக்க அந்தப் பக்கத்துப் பேச்சு. தன் மிஷின் நின்னு இருபது நிமிஷம் ஆச்சுன்னு அவன் எதுக்குக் கணக்கு வைக்கப் போறான்? அடுப்பு எரியற சத்தம் மூடின கதவைத் தாண்டி அவனுக்கு எப்படிக் கேக்கும்? அது சமையலறையில உக்காந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். அங்க இருந்தது ரெண்டு பேர். ஒருத்தர் பதினோரு வருஷமா இங்க வரலை."

நாவலாசிரியர் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நான்தான்," என்றார் மனைவி. "அன்னிக்கு மிஷின் நின்னது என் காதுல விழுந்துச்சு. ஏன்னு புரியலை. ஆறு மாசம் கழிச்சு நாவல் வந்தப்போ புரிஞ்சுது. பச்சைத் துண்டு மொதக்கொண்டு எழுதியிருந்தார். அவ புருஷன் அவளை விட்டுட்டுப் போயிட்டான். அவ என்கிட்ட மட்டும் சொன்ன விஷயம், நான்தான் இவர்கிட்ட சொன்னேன்னு நினைச்சுட்டா. ஒரே ஒரு தடவை அவகிட்ட உண்மையைச் சொல்லுங்கன்னு இவர் கால்ல விழுந்தேன். கற்பனைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்னு கேட்டார். சரி, கற்பனைதானேன்னு நானும் ஒரு அத்தியாயம் எழுதினேன்."

நாவலாசிரியர் துள்ளி எழுந்தார். நாளைக்கே மேடையில் இது தன்னுடையது இல்லை என்று சொல்லிவிடப் போவதாகச் சீறினார்.

"சொல்லுங்க. யார் எழுதினதுன்னு கேப்பாங்க, என் பொண்டாட்டின்னு சொல்லுங்க. இல்லையா, என்னோடதுதான்னு சொல்லுங்க, கதவுக்குப் பின்னால நின்னது நீங்கதான்னு ஆயிடும். எது வசதியோ அதைச் செய்யுங்க. தங்கச்சிக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கேன். நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்கா."

பதிப்பாளர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தைக் கிழித்தார். மெய்ப்புக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. நிதானமும் மைத்துனரும் கடைசி வரிசையில். முன் வரிசையில் நாவலாசிரியரின் மனைவி. ஒரு நாற்காலி விட்டு, மடியில் புத்தகத்தோடு தங்கை. அந்த அத்தியாயம் கற்பனையா, அனுபவமா என்று ஒரு வாசகர் எழுந்து கேட்டார். நாவலாசிரியர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். அவருக்குப் பாராட்டை விட மனசு வரவில்லை. அதனால் மானத்தை விட்டார்.

"அனுபவம்," என்றார். "என்கிட்ட யாரும் எதையும் சொல்லலை. நான்தான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

என்ன நேர்மை என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டாதவர்கள் இரண்டே பேர். தங்கை எழுந்து நடுவிலிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அக்கா மேடையைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பார்வையில் இரக்கம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

இரண்டு வாரம் கழித்து, பதிப்பகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த மூலப் பிரதியைத் திருப்பிக் கொடுக்க நிதானமும் மைத்துனரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். சமையலறையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்கதவு மூடியிருந்தது. உள்ளே இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது. தங்கை ஏதோ சொல்லக் குரலைத் தாழ்த்தினாள். இயந்திரம் நின்றது.

அக்கா கையை உயர்த்தித் தங்கையை நிறுத்தினார்.

"சத்தமாவே பேசு," என்றார். "பாவம், அவருக்கும் எழுத ஏதாவது வேணும்ல."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு, நேற்று வாங்கிய துடைப்பத்தைப் பற்றி உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். அதன் கைப்பிடி என்ன நீளம், என்ன நிறம், எந்த மூலைக்கு எட்டுகிறது, எந்த மூலைக்கு எட்டவில்லை. நிதானமும் மைத்துனரும் தேநீர் குடித்து முடிக்கும் வரை துடைப்பம்தான் ஓடியது. இயந்திரத்தின் சத்தம் மறுபடி கேட்கவே இல்லை.