எல்லாரும் நடக்கும் வட்டம்

தாழ்தளப் பேருந்து பூங்கா வாசலில் நின்றதும் அதன் சரிவுப்பலகை நீண்டு வந்து தரையைத் தொட்டது. தெய்வானை வீல்சேரை அதன் வழியே இறக்கிக்கொண்டு நேராகக் கால்கூடத்துக்குப் போனாள். அங்கே காலை வேளை எப்போதும் ஒரே மாதிரிதான். காப்பாளர் குணவதி ஒவ்வொருவருக்கும் அளவான துணைக்காலை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டியதும் எழுந்து நிற்க வேண்டியதுதான். காலியான வீல்சேர்கள் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும். வெளியே நொய்யல் ஆற்றங்கரை முழுக்க மரமும் புல்லும்.

பூங்காவின் மண்ணுக்கடியில் மின்தகடு பதித்திருந்தார்கள். விசைத்தரை என்று பெயர். துணைக்கால், அதாவது எக்ஸோ, அதிலிருந்துதான் சக்தி எடுக்கும். வாசலைத் தாண்டினால் நனைந்த துணி போலத் தொங்கிவிடும். பூங்காவைத் திறந்தபோது, அடுத்து தெருக்களுக்கும் விசைத்தரை வரும் என்று மேடையில் சொன்னார்கள். வரவில்லை. யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. இதாவது கிடைத்ததே என்று இருந்தார்கள்.

பூங்காவுக்குள் அவர்களாக வைத்துக்கொண்ட ஒரு சட்டம் இருந்தது. கொண்டு வந்தவர் ரஹமத்துல்லா. லாரி ஓட்டியவர், விபத்தில் முதுகெலும்பு போனவர். உள்ளே வந்தபிறகு எக்ஸோவைப் பற்றி யாரும் பேசக்கூடாது. "கால் கூட்டிட்டுப் போச்சு" என்று வாய் தவறிச் சொன்னால், சொன்னவர் எல்லாருக்கும் கடலை வாங்கித் தர வேண்டும். நான் நடந்தேன், நான் ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தெய்வானைகூட ஆரம்பத்தில் ஒருமுறை கடலை வாங்கித் தந்திருக்கிறாள். பிறகு யாருக்கும் வாய் தவறவில்லை. பழகிவிட்டது. கொஞ்ச நாளில் நம்பவும் தொடங்கிவிட்டார்கள்.

தை மாதம் பூப்பறிக்கிற நோம்பி வந்தது. சின்ன வயதில் தெருப் பெண்களெல்லாம் முறுக்கும் கச்சாயமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். தெய்வானை வீட்டில் இருப்பாள். திரும்பி வருகிறவர்களில் யாராவது ஒரு கை ஆவாரம்பூவை மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த வருடம் அவளே பறித்தாள். பறித்ததை நடுவில் கொட்டி, சுற்றி நின்று கும்மியடித்தாள். ஆண்கள் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ரஹமத்துல்லா முதலில் வந்தார்.

அன்றைக்கு மாநகராட்சியிலிருந்து கேமராவோடு ஆட்கள் வந்திருந்தார்கள். யார் உதவியில் ஓடினீர்கள் என்று கேட்டார்கள். ரஹமத்துல்லா மூச்சு வாங்கிக்கொண்டே, "யார் உதவியும் இல்லீங்க. நாந்தான் ஓடுனேன்" என்றார். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். தெய்வானையும் சொன்னாள், பூவோடு சிரித்துக்கொண்டு.

பங்குனியில் அறிவிப்பு வந்தது. இந்த வட்டத்தில் நடக்க இயலாதவர் எவரும் இல்லை. துணைக்கால்களின் நடைப்பதிவும் பயனாளிகளின் சொந்த வாக்குமூலமும் அதை உறுதிசெய்கின்றன. ஆகவே தாழ்தளப் பேருந்து வேறு வட்டத்துக்கு மாற்றப்படும். இங்கே இனி சாதாரணப் பேருந்து, படிக்கட்டு உள்ளது.

தெய்வானையின் தெருவிலிருந்து பூங்காவுக்கு வர வேறு வழி கிடையாது. அவளைத் தூக்கிப் பேருந்தில் ஏற்ற வீட்டில் அண்ணி மட்டும்தான், அண்ணிக்கும் இடுப்பு வலி. ஆட்டோக்காரர்கள் வீல்சேரைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேருந்து நின்றால் அவளுக்குப் பூங்கா இல்லை, ஆறு இல்லை, வாசல்கூட இல்லை. பழைய ஜன்னல்தான். அவள் விடாமல் மனு மேல் மனு போட்டாள். கடைசியில் வட்ட அலுவலர் மாதங்கி பூங்காவுக்கே நேரில் வந்தாள்.

மாதங்கி நல்ல பெண்தான். புல்லில் எல்லாரோடும் உட்கார்ந்து, யாருக்கும் பேருந்தை நிறுத்தும் எண்ணமில்லை, பதிவு அப்படி இருக்கிறது, பதிவு மாறினால் பேருந்து இங்கேயே ஓடும் என்று விளக்கினாள். பிறகு கேட்டாள்.

"நோம்பி அன்னிக்கு ஆடுனீங்க இல்லீங்களாக்கா? நானே பாத்தேன். அவ்ளோ அழகு."

தெய்வானை ரஹமத்துல்லாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆடலைங்க" என்றாள். "கால்தான் ஆடுச்சு. என்னோட கால் அதுக்குள்ள சும்மா கெடந்துச்சு."

 ஒரு பெண் எழுந்து அப்பால் போய்விட்டாள். கடலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

"எதுக்கு புள்ள இதெல்லாம்?" என்றார் ரஹமத்துல்லா மெதுவாக. "வெளிய நம்மள மொண்டின்னுதான் சொல்றான். இங்கயும் நீயே சொல்லோணுமா?"

"பஸ் போயிருச்சுன்னா எங்க வந்து நடப்பீங்கண்ணா?"

"வரலைன்னா வரலை. ஓடுனவன்னு பேராவது மிஞ்சும்ல."

அவருக்கு மகன் இருந்தான், வாரம் ஒருமுறை காரில் கொண்டுவந்து விடுவான். அதைச் சொல்லிவிடலாமா என்று தெய்வானை ஒரு நிமிடம் நினைத்தாள். சொல்லவில்லை.

வாய்ச்சொல் போதாது, ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்துக்கு எதிராக நேரடிச் சோதனை வேண்டும் என்று மாதங்கி சங்கடத்தோடு சொன்னாள். பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்த விசைத்தரையில் ஒரு பாத்தியை மட்டும் அணைக்கலாம். அதில் நிற்கிறவர் நிற்க முடியாமல் போவது பதிவில் தெரிந்துவிடும். யார் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். ரஹமத்துல்லா முதல் ஆளாக விலகி அடுத்த பாத்திக்குப் போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். இத்தனை பேர் முன்னால் விழ யாருக்கும் மனசில்லை. தெய்வானை மட்டும் நின்றாள்.

குணவதி விசைத்தரையின் சுவிட்ச் பலகையில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நெசமாத்தானா?"

"அமுத்து."

இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒரே நொடியில் அவிழ்ந்தது. அவள் முன்பக்கமாக விழுந்தாள். தாடை மண்ணில் இடித்தது. சேலை முழங்காலுக்கு மேல் ஏறியது, கையை நீட்டி இழுத்துவிட முடியவில்லை. பக்கத்துப் பாத்தியில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குணவதிதான் ஓடிவந்து சேலையைச் சரிசெய்தாள்.

மாதங்கி கையிலிருந்த நடைப்பதிவுக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"ஒண்ணுமே பதியலீங்களே."

குணவதிக்கு அப்போதுதான் உறைத்தது. "கரண்டு இல்லாத கால் எப்படீங்க மேடம் பதியும்?"

"நீங்கதான் கண்ணால பாத்தீங்கல்ல" என்றாள் தெய்வானை தரையிலிருந்து.

"நான் பாத்தது கணக்குல வராதுங்கக்கா. கால் பதியறதுதான் வரும்." மாதங்கியின் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்தில் மண்டியிட்டாள். "தரையைத் திரும்பப் போடச் சொல்றேன். நீங்க எந்திரிக்காதீங்க. இப்படியே படுத்திருங்க. கெடக்கறது பதிஞ்சிரும். அது போதும்."

தெய்வானை தலையசைத்தாள். குணவதி விசையைப் போட்டாள்.

விழுந்தவரைக் கைவிடாத கால் என்று சொல்லித்தான் அந்த எக்ஸோவை விற்றிருந்தார்கள். சக்தி ஏறியதும் அது முதலில் முழங்காலை மடித்தது. தெய்வானைக்கு என்ன நடக்கிறதென்று புரிந்தது. இரண்டு கையாலும் புல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்றாள். மாதங்கி அவள் தோளை அழுத்திப் பார்த்தாள். குணவதியும் சேர்ந்து அழுத்தினாள். கால் அவர்கள் இருவரையும் பொருட்படுத்தாமல், குழந்தையைத் தூக்குவது போலப் பதமாக, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தியது. புல் வேரோடு கையில் வந்தது. அவள் நேராக நின்றாள்.

கருவியில் ஒரு வரி வந்தது. மாதங்கி அதை மறைக்கப் பார்த்தாள். தெய்வானை அதற்குள் படித்துவிட்டாள்.

விழுந்தார். உதவியை மறுத்துத் தானே எழுந்தார்.