தவ்பீக்கின் கட்டைவிரல்

குன்னூர் பெட்ஃபோர்டில் பங்கஜத்தின் துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்த பேக்கரி முதலாளி தவ்பீக்குக்கு உட்காரக்கூட மனமில்லை. அவர் மனைவி ராபியா கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

தவ்பீக்கின் தம்பி சுபுஹான், பேக்கரி வேலை பிடிக்காமல் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. போன் நம்பரை மாற்றிவிட்டான். மின்னஞ்சலும் இல்லை. முந்தாநாள் அவலாஞ்சி அணையில் ஓர் இளைஞனின் உடல் ஒதுங்கியது. முகம் தெரியவில்லையாம். அடையாளம் காட்ட மதியம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

"அவன் எழுதாம இருக்க மாட்டானுங்க மேடம். வந்ததை இவதான் மறைச்சிருக்கா. இவளுக்கும் அவனுக்கும் ஆகாது" என்றார் தவ்பீக்.

ராபியா மறுக்கவில்லை. அழவும் இல்லை.

கடிதம் தவறிப்போக வழியுண்டா என்று பங்கஜம் கேட்டார். இல்லவே இல்லையாம். விளம்பரத் தொல்லை தாங்காமல் மின்னஞ்சலில் கற்றுக்கொள்ளும் வடிகட்டி ஒன்றைத் தவ்பீக் போட்டிருந்தார். ஒரு கடிதத்தைக் குப்பை என்று குறித்துக்காட்டினால், அதே மாதிரி வருவதை அதுவே குப்பைப் பெட்டிக்கு ஒதுக்கிவிடும். அந்தப் பெட்டியை அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

பங்கஜத்தின் உதவியாளன் கிருத்திக் போனுக்குக் கை நீட்டினான். மெயில் இருப்பது இந்த ஒரு போனில்தான், அதுவும் தன் விரலுக்கு மட்டும்தான் திறக்கும் என்று சொல்லி, தவ்பீக் கட்டைவிரலை வைத்துத் திறந்து கொடுத்தார்.

குப்பைப் பெட்டியில் சுபுஹானின் கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன. கடைசிக் கடிதம் இன்று காலை வந்தது. அப்படியென்றால் அணையில் ஒதுங்கியவன் அவனில்லை.

தவ்பீக் அப்படியே நாற்காலியில் சரிந்தார். மறுகணமே மனைவியைப் பார்த்து முறைத்தார். கேஸ் முடிந்துவிட்டது, மறைத்தவள் ராபியாதான் என்று கிருத்திக்கும் தீர்ப்பு எழுதிவிட்டான். அவனுக்கு எதிலும் அவசரம்.

பங்கஜம் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"முதல் ரெண்டு கடிதம் பிரிச்சுப் படிச்சிருக்கு. மீதி ஒண்ணுகூடப் பிரிக்கலைங்க. வேணும்னு மறைக்கறவங்க, அடுத்து என்ன எழுதியிருக்கான்னு பார்க்காம இருப்பாங்களா? அதனால மீதியை ஒதுக்கினது வடிகட்டிதான். முதல் ரெண்டைப் படிச்சுட்டு, இது குப்பைன்னு அதுக்குக் கத்துக்கொடுத்தது யாருங்க? உங்க விரல் இல்லாம இந்த போன் திறக்காதே."

தவ்பீக்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சண்டை நடந்த சூட்டில் அந்த இரண்டையும் குப்பை என்று குறித்தது அவரேதான். நாலு நாளில் கோபம் ஆறிப்போனது, குறித்ததும் மறந்துபோனது. தினமும் தம்பியின் கடிதத்தைத் தேடத் தொடங்கினார். அவர் கோபம் ஆறிய விஷயத்தை வடிகட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் வந்ததைக் கிருத்திக் வாசித்தான். "அண்ணா, பைக்காரா படகுத்துறையில வேலைக்கு இருக்கேன். நீ பதில் போடாட்டிப் பரவால்ல. ராபியா மச்சிகிட்ட மட்டும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடு."

ராபியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள்மேல் பழி போட்டுப் பெரிய பாவம் செய்துவிட்டது தவ்பீக்குக்குப் புரிந்தது. உடனே பைக்காரா போகலாம் என்று எழுந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல ஸ்டேஷனுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க, அது நம்ம பையன் இல்லைன்னு. அங்க கிடக்கறவனுக்கும் ஒரு ஊடு இருக்குமில்லீங்க. அவங்க இன்னும் தேடிட்டு இருப்பாங்க."