அரை மணியில் திறந்த கதவு

நிலவிலுள்ள வெண்தளக் குடியிருப்பில் காலை ஏழானால் நாய்க்குட்டிகளை எடைச்சுழலியில் விட்டாகவேண்டும். ராட்டினம்போல் சுற்றும் அந்தக் கூடத்துக்குள் பூமியின் முழு எடை உண்டு. வெளியே ஆறில் ஒரு பங்குதான். தினம் ஒரு மணி நேரம் அதற்குள் ஓடினால்தான் குட்டியின் எலும்பு கெட்டிப்படும், மூட்டு இறுகும்.

பூங்கோதையின் சிப்பிப்பாறைக் குட்டி சுக்கு, உள்ளே விட்டதுமே கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து முனகுவான். கீரை வளர்க்கும் அறையில் வேலை பார்க்கும் அவளுக்கு அந்தச் சத்தம் பொறுக்காது. அரை மணியில் திறந்துவிடுவாள். கேட்டவர்களிடம் ஒரு மணி என்று கூசாமல் சொல்வாள். வெளியே வந்தவன் ஆளுயரம் துள்ளுவான். இவன் காலிலா குறை என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

மனிதருக்கு நிலவில் இரண்டு வருடம்தான். அதற்குமேல் அவர்கள் எலும்பும் தேறாது. நாளை காலை அவளுக்குப் பூமிக்குக் கப்பல். சுக்குவுக்கும் பயணச்சீட்டு வாங்க மருத்துவச் சான்று வேண்டும்; கால்நடை மருத்துவர் மரியதாஸிடம் கூட்டிப்போனாள்.

எலும்புப் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். "வளர்தட்டு மூடிடுச்சும்மா. எலும்பு நுனியில வளர்ற இடம் அது. இடுப்புக் கிண்ணமும் ஆழமில்ல. பூமியில இறங்கினா இவனால எழுந்து நிக்க முடியாது."

"இவன இங்க விட்டுட்டு, இன்னும் ஆறு மாசம் ஓடவிட்டா?"

"இனிமே எவ்வளவு ஓடினாலும் அமையாதும்மா. தினமும் ஒரு மணி உள்ள இருந்தான்தானே?"

ஐந்தில் வளையாதது என்பார்கள். நாய்க்கு அந்த ஐந்து ஒரு வருடத்தில் முடிந்துவிடுகிறது. பூங்கோதை தலை குனிந்தாள்.

"அரை மணிதான், டாக்டர். அழுவான். பாவமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் வச்சுக்கறேன்மா. அடுத்த வருஷம் நானும் கிளம்பிடுவேன். அப்புறம் வர்றவங்க பார்த்துக்குவாங்க. சுழலியில விடறேன், சதைக்காவது ஆகும்."

மறுநாள் ஏழு மணிக்கு அவளே சுக்குவை உள்ளே விட்டு, முகம் காட்டாமல் நடந்தாள். கப்பலில் பட்டையை மாட்டிக்கொண்டு மணி பார்த்தாள். ஏழரை. இந்நேரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து உட்கார்ந்திருப்பான், வாலை ஆட்டிக்கொண்டு.

மரியதாஸ் விதிப்படி நடப்பவர். முழுசாக ஒரு மணி ஆகாமல் திறக்கமாட்டார்.